பெரிய கப்பலில் உலகம் சுற்றியவர்கள் சின்னக் கப்பலையே பேசுவது ஏன்?

மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில், படகுத்துறைக்குப் போகும் வழியில் ஓர் ஒட்டுக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ஐந்தாறு பெரியவர்கள் கூடுவார்கள். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள், கப்பல் வேலையில் காலம் கழித்து ஓய்வு பெற்றவர்கள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். போசனாக, அதாவது டெக்கில் வேலை செய்யும் மாலுமிகளுக்கு மூத்தவராக இருந்து, 2008-இல் கரையேறினார்.

இவர்கள் பார்க்காத துறைமுகம் இல்லை. ராட்டர்டாமில் பனியில் கயிறு பிடித்திருக்கிறார்கள், சூயஸ் கால்வாயை எண்ணிச் சொல்ல முடியாத தடவைகள் கடந்திருக்கிறார்கள், யோகோஹாமாவில் வானொலிப் பெட்டி வாங்கி வந்திருக்கிறார்கள். ஆனால் பேச்சு சூடு பிடித்தால் அது போய் நிற்கும் இடம் ராட்டர்டாம் அல்ல. மலேசியாவின் கிழக்குக் கரையில் திரெங்கானுவுக்கு அப்பால், கரை கண்ணுக்குத் தெரியாத தென் சீனக் கடலில், எண்ணெய் மேடைகளுக்குச் சோறும் சிமெண்டும் குழாயும் கொண்டுபோன அறுபது மீட்டர் நீளக் கப்பல்கள்தான். மாடிக்கட்டடம் போன்ற சரக்குக் கப்பலில் வேலை செய்தவர்கள், அதன் உயிர்காக்கும் படகைவிடச் சற்றே பெரிது என்று சொல்லத்தக்க ஒன்றை ஏன் இத்தனை ஆசையாகப் பேசுகிறார்கள் என்று சிறு வயதிலிருந்தே எனக்குக் கேள்வி. பல ஞாயிறுகள் உட்கார்ந்து கேட்டதில் எனக்குக் கிடைத்த விடையை இங்கே எழுதுகிறேன். அதற்கு முன், பினாங்குத் தமிழர்கள் அந்தக் கடலுக்கு எப்படிப் போனார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மலாக்கா நீரிணையில் நம் பக்கம் எண்ணெய் மேடையே கிடையாது.

பினாங்கில் துறைமுக வேலை பல தமிழ்க் குடும்பங்களுக்குப் பரம்பரைத் தொழிலாக இருந்தது. தொங்கான் என்ற சரக்குப் படகுகளில் மூட்டை ஏற்றியும் இறக்கியும் பிழைத்தவர்களின் பிள்ளைகள் அப்பாவின் வேலைக்கே போவார்கள். 1969-இல் தீவின் சுங்கவரியற்ற துறைமுக உரிமை பறிபோனபோது அந்த வாழ்க்கை ஆட்டம் கண்டது. அதற்கு ஓராண்டு முன்புதான், 1968-இல், மலேசியாவுக்கென்று எம்.ஐ.எஸ்.சி. கப்பல் நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. அதன் கப்பல்களுக்குப் பூக்களின் பெயர் வைப்பார்கள். 'புங்கா' என்றால் மலாயில் பூ. கரையில் வேலை கிடைக்காத இளைஞர்கள் பூப்பெயர்க் கப்பல்களில் ஏறினார்கள். என் அப்பா 1973-இல் ஏறினார். அப்போது அவருக்கு இருபது வயது.

அடுத்த திருப்பம் கிழக்குக் கரையில் நடந்தது. மலேசியாவின் முதல் எண்ணெய்க் கிணறு 1910-இல் சரவாக்கின் மிரியில், தரையிலேயே, தோண்டப்பட்டது. கடலுக்குள் இறங்கியது வெகுகாலம் கழித்து. 1974-இல் பெட்ரோலிய மேம்பாட்டுச் சட்டமும் பெட்ரோனாஸ் என்ற அரசு எண்ணெய் நிறுவனமும் வந்தன. 1978-இல் திரெங்கானுக் கடலில் பூலாய், தாப்பிஸ் வயல்களிலிருந்து எண்ணெய் வரத் தொடங்கியது. 1980 ஜனவரி முதல் நாள், உள்நாட்டுத் துறைமுகங்களுக்கு இடையே சரக்கேற்ற மலேசியக் கப்பல்களுக்கே முதலிடம் என்ற கொள்கை அமலுக்கு வந்தது. உள்ளூர்க் கொடி பறக்கும் கப்பலுக்கு உள்ளூர் மாலுமி வேண்டும். 1982-இல் திரெங்கானுவின் கெமாமானில், மேடைகளுக்குச் சரக்கனுப்பும் வழங்கல் தளம் அமைந்தது. அதே ஆண்டு கெரிக்கிலிருந்து ஜெலிக்குக் காட்டை ஊடுருவிக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. அதுவரை பட்டர்வொர்த்திலிருந்து கிழக்குக் கரைக்குப் போக வேண்டுமென்றால் நாட்டையே பாதி சுற்ற வேண்டும். சாலை வந்த பிறகு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால் மலையைத் தாண்டி மறுகடல். யானை சாலையில் நின்றதால் பஸ் தாமதமாகி, கப்பலைத் தவறவிட்ட கதை இவர்களில் மூன்று பேரிடம் இருக்கிறது.

இனி கப்பலைப் பற்றி. கரை தெரியாத தூரத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுவது 1947-இல் அமெரிக்காவின் லூசியானாக் கடலில் தொடங்கியது. தொடக்கத்தில் போரில் மிஞ்சிய படகுகளையும் மீன்பிடிப் படகுகளையும் கொண்டே சமாளித்தார்கள். 1950-களின் நடுவில்தான் இதற்கென்றே ஒரு வடிவம் பிறந்தது: மாலுமிகள் தங்கும் அறையும் சுக்கான் அறையும் முன்மூக்கில் நெருக்கிக் கட்டப்பட்டு, பின்னால் கப்பலின் முக்கால் நீளத்துக்கு ஒன்றுமே இல்லாத வெறும் தட்டைத் தளம். லாரியைக் கடலில் மிதக்கவிட்டது போல இருக்கும். அந்தத் தளத்தில் குழாய், பெட்டி, இயந்திரம் எல்லாம் ஏறும். தளத்துக்குக் கீழே தொட்டிகளில் டீசல், குடிநீர், கிணறு துளைக்கும்போது உள்ளே செலுத்தும் சேறு. சிமெண்டும், அந்தச் சேற்றுக்கு எடை கூட்டும் பேரைட் என்ற கனிமமும் மூட்டையில் போவதில்லை. உருளைத் தொட்டிகளில் தூளாகவே போய், காற்றழுத்தத்தால் குழாய் வழியே மேடைக்கு ஏறும்.

அந்தப் பின்தளம் நீர்மட்டத்திலிருந்து ஒரு மீட்டர், மிஞ்சினால் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். சற்றுப் பெரிய அலை வந்தால் தளத்தின் மேலாகவே உருண்டு போகும். பெரிய கப்பலில் கடல் என்பது கீழே எங்கோ இருக்கும் ஒன்று. இங்கே அது முழங்காலில் இருக்கும். "பெரிய கப்பலில் முப்பது வருடம் வேலை செய்தாலும் கடலைத் தொடாமலே பென்ஷன் வாங்கலாம்" என்று அப்பா சொல்வார்.

மேடைக்கு அருகில் சரக்கிறக்குவது எப்படி என்று அவர்கள் சொல்லக் கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் முன்னால் நங்கூரத்தை இறக்கிவிட்டு, கப்பலைப் பின்னோக்கியே மேடையை நோக்கி ஓட்டி வருவார்கள். பின்முனை மேடையின் இரும்புக் கால்களுக்குச் சில மீட்டர் தூரத்தில் வரும்போது, இரண்டு மூலையிலிருந்தும் கயிறு கொடுத்துக் கட்ட வேண்டும். பிறகு மேலே உயரத்திலிருந்து கிரேன் கொக்கி இறங்கும். கிரேன்காரருக்குக் கீழே நிற்கும் மனிதர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். கப்பல் அலையோடு ஏறி இறங்கும், கொக்கி ஏறி இறங்காது. கப்பல் அலையின் உச்சிக்கு வந்த நொடியில் கொக்கியை மாட்டிவிட்டு, கிரேன் தூக்கும் முன் இரண்டடி விலகி நிற்க வேண்டும். அலை இறங்கும்போது மாட்டினால் பெட்டி வெடுக்கென்று துள்ளும். இதைச் சொல்லிக்கொடுக்கப் புத்தகம் இல்லை. "இப்போது" என்று போசன் சொல்லும் குரல்தான் பாடம்.

ஆனால் இவர்கள் நினைவில் உச்சமாக நிற்பது நங்கூர வேலை. எண்ணெய் மேடை கட்டுவதற்கும் கடலடியில் குழாய் பதிப்பதற்கும் பார்ஜ் என்ற பெரிய தட்டைக் கலங்கள் வரும். குழாய் பதிக்கும் பார்ஜ் தானாக ஓடாது. எட்டுத் திசையில் எட்டு நங்கூரங்களைத் தூரத்தில் போட்டு, முன்கயிறுகளை இழுத்து, பின்கயிறுகளைத் தளர்த்தி, சிலந்தி தன் நூலில் நகர்வது போல நகரும். சில நூறு மீட்டர் நகர்ந்ததும் நங்கூரங்கள் பின்தங்கிவிடும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, முன்னால் கொண்டுபோய்ப் போட வேண்டும். பத்து டன்னுக்குக் குறையாத இரும்பு. இதைச் செய்வது ஆங்கர் போட். குழாய் பதிப்பு இரவிலும் நிற்காது என்பதால் ஆங்கர் போட்டுக்கும் இரவு கிடையாது.

ஒவ்வொரு நங்கூரத்துக்கும் மேலே ஒரு மிதவை இருக்கும். கப்பல் பின்னோக்கி மிதவையை நெருங்கும். ஒருவர் வயர்ச் சுருக்கை வீசி மிதவையைப் பிடிப்பார். அதை வின்ச் என்ற இழுவைப் பொறி வைத்துத் தளத்தின் மேல் இழுத்ததும், மிதவைக்கும் நங்கூரத்துக்கும் இடையே இருக்கும் பெண்டன்ட் வயரைப் பிடித்து நிறுத்த வேண்டும். பிறகுதான் மிதவையைக் கழற்றி, அந்த வயரைக் கப்பலின் சொந்த வயரோடு ஷேக்கிள் என்ற இரும்பு வளையம் போட்டு இணைக்க முடியும். இந்தப் பிடித்து நிறுத்தும் கட்டம்தான் உயிர்க்கட்டம். 1980-களின் தொடக்கத்தில் பழைய கப்பல்களில் இதற்குப் பெலிக்கன் கொக்கி இருந்தது. கூழைக்கடாவின் அலகு போலத் திறந்து மூடும் இரும்பு. மனிதர் பக்கத்தில் போய்க் கையால் மாட்ட வேண்டும். பிறகு சுறாத் தாடை என்று ஒன்று வந்தது. தளத்தின் அடியிலிருந்து எண்ணெய் அழுத்தத்தால் எழும்பி வயரைக் கவ்விக்கொள்ளும். பக்கத்திலேயே இரண்டு இரும்புத் தூண்கள் எழும்பி வயர் பக்கவாட்டில் பாயாதபடி தடுக்கும். சுறாத் தாடை இல்லாத கப்பல், உள்ள கப்பல் என்று இவர்கள் தங்கள் வாழ்க்கையையே இரண்டாகப் பிரித்துப் பேசுகிறார்கள்.

வயர் இழுவிசையில் இருக்கும்போது அதன் மேலே அலை வந்தால் தண்ணீர் புகைபோலத் தெறிக்கும் என்கிறார் அப்பா. அறுந்தால் கண் பார்க்கும் முன் தளத்தைக் கூட்டிப் பெருக்கிவிடும். அறுவது மட்டுமல்ல ஆபத்து. நங்கூரம் பின்னால் நேராக இழுத்தால் கப்பல் தாங்கும். பக்கவாட்டில் இழுத்தால் கப்பலே சாயும். 2007 ஏப்ரல் 12-ஆம் தேதி ஷெட்லண்ட் கடலில் பூர்போன் டால்பின் என்ற நவீனக் கப்பல், துளையிடும் மிதவை மேடை ஒன்றின் நங்கூரச் சங்கிலியைக் கையாளும்போது இப்படித்தான் கவிழ்ந்தது. இருந்த 15 பேரில் 8 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தி வந்த நாளில் அப்பா சாப்பிடவில்லை. அந்தக் கப்பலில் இருந்த ஒருவரையும் அவருக்குத் தெரியாது.

எங்கள் வீட்டுச் சாமி அறையில், முருகன் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச்சிமிழ் இருக்கும். அதில் அப்பாவின் கல்யாண மோதிரம் இருந்தது. அப்பா அதை விரலில் போட்டு நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு அதில் மனக்குறை உண்டென்று வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஷேக்கிள் முனையிலோ வயரின் பிசிரிலோ மோதிரம் மாட்டினால் விரல் மோதிரத்தோடு போய்விடும். ஒட்டுக்கடையில் கூடும் ஒருவருக்கு இடது கையில் மோதிர விரல் இல்லை. அவர் தேநீர்க் குவளையை மூன்று விரலால் பிடிக்கும் விதத்தைப் பார்த்த பிறகு அம்மா அந்தச் சிமிழைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார்.

வேலையின் மறுபாதி காத்திருப்பு. மேடையைச் சுற்றி 500 மீட்டர் பாதுகாப்பு வட்டம் உண்டு. காவல் கப்பல் அதற்கு வெளியே இரவு பகலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். மேடையில் தீப்பிடித்தால், ஆள் கடலில் விழுந்தால் முதலில் போவது அதுதான். 1988 ஜூலை 6-இல் வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை எரிந்து 167 பேர் மாண்டபோது, இறந்தவர்களில் இருவர் அருகிலிருந்த கப்பலின் மீட்புப் படகில் போனவர்கள். நம் கடலுக்கு நெருக்கமான துயரம் அடுத்த ஆண்டு நடந்தது. 1989 நவம்பர் 3-இல் தாய்லாந்து வளைகுடாவில் கே என்ற சூறாவளி சீக்ரெஸ்ட் என்ற துளையிடும் கப்பலைக் கவிழ்த்தது. 97 பேரில் 6 பேர் மட்டுமே பிழைத்தார்கள். அதே சூறாவளி நிலத்தைத் தாண்டி வங்கக் கடலில் மறுபடி வலுத்து ஆந்திரக் கரையில் போய் மோதியது. அந்த வாரம் திரெங்கானுக் கடலில் காவல் சுற்றிக்கொண்டிருந்தவர்கள் இந்த மேசையில் இரண்டு பேர் இருக்கிறார்கள். வானொலியில் சீக்ரெஸ்டைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்த குரல்களைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். நானும் வற்புறுத்தவில்லை.

காத்திருப்பில் இனிப்பும் இருந்தது. கப்பலில் பொது மொழி மலாய், கட்டளை ஆங்கிலம். பன்னிரண்டு பேர் கொண்ட கப்பலில் தமிழர் ஒருவரோ இருவரோ இருப்பார்கள். நள்ளிரவுக்குப் பிறகு வேலை வானொலி ஓய்ந்ததும், காலியான அலைவரிசையில் தமிழ் கேட்கும். பெயர் சொல்ல மாட்டார்கள், ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். "பிறை அண்ணே, விழித்திருக்கிறீர்களா?" "சொல்லப்பா தைப்பிங்." "இன்றைக்குத் தீபாவளி அண்ணே, மறந்துவிட்டீர்களா?" அந்தப் பிறை அண்ணனும் தைப்பிங்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது பல ஆண்டுகள் கழித்து, தைப்பூசத்தன்று, பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயில் படியில். குரலை வைத்துத்தான் அடையாளம் தெரிந்ததாம்.

தைப்பூசத்துக்கு அவர்கள் வீட்டில் இருந்ததற்கும் காரணம் கடல்தான். நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று. அந்தக் கடலில் குழாய் பதிக்க முடியாது. கட்டுமானப் பார்ஜ்கள் கிளம்பிவிடும், ஆங்கர் போட் மாலுமிகளையும் கரையில் இறக்கிவிடுவார்கள். நாள் சம்பளக்காரர்களுக்குக் கரை என்றால் சம்பளம் இல்லை. காவடி எடுக்க வாய்ப்புக் கிடைத்தது, பள்ளிக்கூடம் திறக்கும் மாதத்தில் காலணி வாங்கக் கடன் வாங்க வேண்டியிருந்தது. சிறுவயதில் எனக்குக் கோயில் மட்டுமே நினைவிருக்கிறது. கடனை அம்மா நினைவில் வைத்திருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஆற்றாமை உண்டு. பெரிய கப்பலை விட்டு வந்ததில் இவர்கள் பலர் தொடர்ச்சியான பணிக்காலத்தையும் அதோடு வரும் சேமநிதியையும் விட்டுவிட்டு வந்தார்கள். ஒப்பந்தம் முடிந்து மறு ஒப்பந்தம் என்று கழிந்ததில், சில ஆண்டுகளுக்குச் சேமநிதியில் ஒரு வெள்ளிகூடக் கட்டப்படவில்லை என்பது அப்பாவுக்கு ஐம்பத்தைந்து வயதில் கணக்கைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவரை ஒப்பந்தத்தில் அனுப்பிய ஏஜென்சி அதற்குள் கடையைச் சாத்திவிட்டிருந்தது. மாலுமிகளின் வேலை நேரம், சம்பளம், மருத்துவம் ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்த உலகளாவிய கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை அமலுக்கு வந்தது 2013-இல். என் அப்பாவின் கூட்டத்துக்கு அது காலம் கடந்து வந்த கப்பல். அடுத்த தலைமுறைக்கும் நிம்மதி கிடைக்கவில்லை. 2014-இன் நடுவில் பீப்பாய் நூறு டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே விழுந்தபோது, மலேசியாவின் லாபுவான் தீவுக்கு அருகே வேலையில்லாத ஆதரவுக் கப்பல்கள் கூட்டமாக நங்கூரமிட்டுக் கிடந்தன.

வேலையும் மாறிவிட்டது. இப்போது கப்பல் கயிறு கட்டாமலே நிற்கிறது. செயற்கைக்கோளும் கணினியும் காற்றையும் நீரோட்டத்தையும் கணக்கிட்டு, உந்திகளைத் தாமே இயக்கி, கப்பலை நின்ற இடத்திலேயே நிறுத்துகின்றன. இது நல்லது. இதனால் எத்தனையோ விரல்கள் தப்பியிருக்கின்றன. அந்தப் பழைய நாட்கள் திரும்ப வேண்டும் என்று ஒட்டுக்கடையில் ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

பிறகு ஏன் அதையே பேசுகிறார்கள்? மாலுமியின் பணிப்பதிவேடான அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தை விரித்துப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது. கடல் உப்பில் நீல அட்டை வெளுத்துப் போயிருக்கிறது. ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு வரி: கப்பலின் பெயர், டன், ஏறிய நாள், இறங்கிய நாள். கடைசிக் கட்டத்தில் திறமைக்கும் நடத்தைக்கும் 'மிக நன்று' என்ற முத்திரை. பூப்பெயர்க் கப்பலுக்கும் அதே முத்திரை, ஆங்கர் போட்டுக்கும் அதே முத்திரை. பெரிய கப்பலில் அவர் இல்லாவிட்டால் இன்னொருவர் இருந்திருப்பார், கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும். ஆங்கர் போட்டின் தளத்தில் நான்கே பேர். எவர் கை எங்கே இருந்தது என்பதைப் பொறுத்து ஒருவர் உயிர் இருந்தது. அதைப் பார்த்தவர்களும் அந்த நான்கு பேர்தான். புத்தகத்தில் அதை எழுத இடமில்லை. அதனால் ஞாயிறு தோறும் வாயால் எழுதுகிறார்கள். தேதி சொல்வதில்லை, நங்கூரத்தின் எண்ணைச் சொல்கிறார்கள். "ஆறாம் நம்பர், மழை, விடியற்காலை" என்றால் போதும், மற்றவர்களுக்குப் புரிந்துவிடும்.

நான் இப்போது ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். கப்பல் எது, எவர் எங்கே நின்றார், எந்த ஷேக்கிள் விட்டது. போன ஞாயிறு ஆறாம் நம்பர் கதையில் தகராறு வந்துவிட்டது. நங்கூரம் சேற்றிலிருந்து பிடுங்கி வந்த நேரத்தில் கப்பல் இடப்பக்கம் சாய்ந்ததா, வலப்பக்கமா என்று அப்பாவும் இன்னொருவரும் மல்லுக்கு நின்றார்கள். ஆயிலராக, அதாவது என்ஜின் அறை ஊழியராக வேலை செய்த சித்தப்பா ஓரத்தில் பேசாமல் இருந்தார். என்ஜின் அறைச் சத்தத்தில் இருபது வருடம் இருந்ததால் அவருக்கு வலது காது சுத்தமாகக் கேட்காது, நான் இடப்பக்கம் போய்க் குனிந்து, "நீங்கள் சொல்லுங்கள் சித்தப்பா, எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"இடப்பக்கம்தான் அம்மா" என்றார். "நான் மேலே வந்து பார்க்கவே இல்லை. வேலை முடியும்வரை மேலே வர விட மாட்டார்கள். ஆனால் நங்கூரம் விட்ட நொடியில் இரண்டு என்ஜினும் மூச்சு விட்டன. இடப்பக்கத்து என்ஜின் முதலில் விட்டது."

அப்பா சற்று நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் நோட்டைத் தன் பக்கம் இழுத்து, தான் சொன்னதை அடிக்கச் சொன்னார்.